ஐம்பது நாள் பாட்டில்

பாட்டிலின் மேல் இருநூறு மில்லி என்று அச்சடித்திருந்தது. உள்ளேயும் இருநூறு மில்லி இருந்தது. காலையில் இரண்டு அழுத்து, படுக்கப்போகும் முன் இரண்டு அழுத்து என்று பூசினால் அது ஐம்பது நாள் வரும். ஒன்றரை வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு மாதமாக அதே லோஷன், அதே பாட்டில், அதே முகம், அதே இரண்டு அழுத்து. முப்பதாம் நாளே பம்பு வெறும் காற்றைத் துப்புகிறது. மீதி இருபது நாள் லோஷன் எங்கே போகிறது?

எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் தெரு கண்டுபிடித்துவிட்டது. அதை விற்கிற நான் எடுத்துக்கொள்கிறேனாம்.

முதலில் சொன்னது தையல்காரம்மா. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. இரண்டு தையல் மிஷின், ஓர் இஸ்திரி மேசை, ஆள் உயரக் கண்ணாடி. அளவு கொடுக்க வந்த பெண்கள் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுத்த மாத ஆர்டர் கேட்கப் பையோடு உள்ளே நுழைந்தேன்.

"வா டீச்சரம்மா," என்றாள், மிஷினை நிறுத்தாமலே. நான் டீச்சர் இல்லை. ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தவள். அவளுக்கு அது தெரியும். லோஷன் விற்கும்போது நான் விளக்கம் சொல்வதைக் கேட்டுவிட்டு அவளாக வைத்த பேர் அது. "இந்த பாட்டில் எத்தன நாள் வரும்னு சொல்லிக் குடுத்த?"

"அம்பது நாள்க்கா."

"அடியில பாரு."

பாட்டிலைத் திருப்பினேன். பிரித்த தேதியை அடியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தாள். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தோரு நாள்.

"போன பாட்டிலும் இதே கதைதான். சரி, நாமதான் கை தாராளமா போட்டுட்டோமோன்னு நெனச்சேன். இந்தத் தடவ எண்ணி எண்ணி அழுத்தினேன். வீட்டுல நான் ஒருத்தி. என் பூனை மூஞ்சிக்கு எதுவும் போடறதில்ல."

"சீல் பிரிக்காமதானேக்கா குடுத்தேன்?"

"சீலா?" இப்போது மிஷின் நின்றது. "நான் பிரிச்ச தையல திரும்பத் தச்சா தச்சவளுக்கே அடையாளம் தெரியாது. லேப்ல இருந்தவளுக்கு ஒரு சீல் ஒட்டத் தெரியாதா? மீதித் துணி எங்கேன்னு என்னை இருபது வருஷமா கேக்கறாங்க. அந்தக் கேள்விய யாரைக் கேக்கணும்னு எனக்கு நல்லாத் தெரியும் டீச்சரம்மா."

பெஞ்சிலிருந்த நாலு பேரும் மடியிலிருந்த துணியின் பூப்போட்ட கரையை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்கள். ஒருத்திக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காது சுட்டது. பதினோரு வருடம் அமிலக் குப்பிகளுக்கும் சாராயக் குப்பிகளுக்கும் சாவி வைத்திருந்தவள் நான். ஒரு துளி கணக்குத் தவறியதில்லை. என்னைப் பார்த்து, நாலு பேர் முன்னால், ஒரு முகப்பூச்சுக்காக.

இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்பது புரியாது.

பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்தை மூடிவிட்டுத் திரை வைத்தார்கள். குடுவையில் நிறம் மாறுவதைப் பிள்ளைகள் படமாகப் பார்த்தால் போதுமாம். எனக்கு ஓர் அளவுக் குடுவையை நினைவுப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, ஒரு ரோஸ் நிறப் பையோடு வந்தாள். அழகுப் பொருள் கம்பெனி. கடை கிடையாது, விளம்பரம் கிடையாது, நாம்தான் கடை, நாம்தான் விளம்பரம். நாம் சேர்த்துவிடுகிறவர்கள் நமக்குக் கீழே. நம்மைச் சேர்த்தவர் நமக்கு மேலே. கீழே விற்பதில் ஒரு பங்குப் புள்ளி மேலே ஏறிக்கொண்டே போகும். முதல் படி முத்து, அதற்கு மேல் பவளம், அதற்கு மேல் வைரம். நான் முத்து. அவள் பவளம். கூட்டங்களில் படியில் மேலே இருப்பவரைப் பேர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடக் கூடாது என்று விதி. அதனால் என்னைவிட ஒன்பது வயது சின்னவளை நான் "மேடம்" என்பேன். கூட்டம் முடிந்து பாய் சுருட்டியதும் அவள் என்னை "அண்ணி" என்பாள். என் வீட்டுக்காரருக்கு இதைப் போல ஒரு வேடிக்கை கிடையாது. பஸ் ஓட்டுகிறவர். "எங்க டிப்போலகூட இவ்வளவு படிக்கட்டு இல்ல," என்பார்.

சிரிப்பாக இருந்தாலும், உள்ளதைச் சொல்ல வேண்டும்: அந்தப் பை எனக்கு நிறையக் கொடுத்தது. மணி அடித்துக் கூப்பிட ஆள் இல்லாத வேலை. வீட்டுக்காரருக்கு ஷிப்ட் மாறினால் நானும் மாற்றிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிது, மூடியிருந்த கதவுகள் திறந்தன. ஒருத்தியின் முகத்தைக் கையில் ஏந்தி எண்ணெய்ப் பசையா வறட்சியா என்று பார்க்கும்போது அவள் பேச ஆரம்பித்துவிடுவாள். எண்ணெயும் தண்ணீரும் சேராது, ஆனால் இந்த லோஷனுக்குள் சேர்ந்திருக்கிறதே எப்படி என்று நான் கேட்பேன். நடுவில் ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு ஒரு கை எண்ணெயைப் பிடிக்கும், ஒரு கை தண்ணீரைப் பிடிக்கும், இரண்டுக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும், மூத்த மருமகள் மாதிரி என்பேன். சிரிப்பார்கள். வாங்குவார்கள். ஆய்வகத்தில் யாரும் என்னை விளக்கச் சொன்னதில்லை. குடுவை கழுவத்தான் சொன்னார்கள்.

என் நாத்தனாருக்கும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் போன் அடித்தால் உள்ளறைக்கு ஓடுகிறவள் அவள். இன்று நூறு பேர் முன்னால் மைக் பிடிக்கிறாள். அதை அந்தக் கம்பெனிதான் செய்தது. மறுக்க மாட்டேன்.

கெட்டது என்னவென்றால், கம்பெனிக்கு முகம் கிடையாது. நம் முகத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். லோஷன் நன்றாக இருந்தால் கம்பெனி லோஷன். தீர்ந்துபோனால் நான் திருடி.

அந்த வாரமே பாட்டிலைச் சோதித்தேன். பிரிக்காத பாட்டில் ஒன்றை மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசில் வைத்தேன். "என்ன, முகத்துக்குப் போடறத கிலோ கணக்குல விக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார் கடைக்காரர். பழைய இருப்பிலிருந்து ஒரு பாட்டிலும் கொண்டுபோயிருந்தேன். இரண்டும் ஒரே எடை. வீட்டுக்கு வந்து புதியதன் பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டிலைக் கத்தியால் இரண்டாக அறுத்து, ஒட்டியதையெல்லாம் வழித்து, என் அளவுக் குடுவையில் ஊற்றினேன். லோஷன் மெல்ல இறங்கி மட்டம் நின்றது. இருநூறு. ஒரு மில்லி குறையவில்லை.

அப்படியானால் தண்ணீர் கூடிவிட்டதா? நீர்த்துப்போனதால் கூடுதலாகப் போடுகிறார்களா? சாய்த்து வைத்த கண்ணாடிச் சில்லில் பழையதையும் புதியதையும் ஒவ்வொரு சொட்டு விட்டு வழிய விட்டேன். இரண்டும் ஒரே வேகம். காற்றுப்பட்டு உலர்கிறதா? மூடி இறுக்கம். ஓட்டையா? தண்ணீரில் முக்கினேன், குமிழி வரவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாச் சோதனையிலும் பாட்டில் உத்தமமாக நின்றது. அது எவ்வளவு உத்தமமோ நான் அவ்வளவு திருடி.

இதற்குள் பேச்சு பரவிவிட்டது. மூலை வீட்டு நர்ஸ் ஜன்னல் வழியாகவே, "இந்த மாசம் வேணாம்மா," என்றாள். அவளும் சீக்கிரம் தீர்கிறது என்றுதான் சொன்னாள். ஆனால் என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. இருபத்தாறு வீட்டில் ஒன்பது வீடு நின்றுபோனது. மீதிப் பதினேழு வீட்டிலும் நான் குளியலறைக்குப் போய்வந்தால் பின்னாலேயே ஒருத்தி போய் அலமாரியைப் பார்த்தாள்.

நாத்தனார் வீட்டு அடுப்படியில் நின்று இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் தோளைத் தட்டினாள். "அவங்கவங்க வீட்டுல யாராவது எடுத்திருப்பாங்க அண்ணி. தையல்காரம்மாகிட்ட, பூனைய நல்லா விசாரிக்கச் சொல்லுங்க," என்று சிரித்தாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

பத்து நாள் கழித்து அவள் வீட்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி. எட்டுப் பேர் நாற்காலியில். நாத்தனார் புடவைத் தலைப்பில் பவள ஊசி குத்திக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு மாதம் இதே வேகத்தில் விற்றால் வைரம். செய்முறை காட்ட என்னைத்தான் எப்போதும் கூப்பிடுவாள், எனக்கு விளக்க வரும் என்பதால்.

இங்கே எங்கள் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சேரும்போது கம்பெனி ஆளுக்கொரு டெமோ பாட்டில் கொடுக்கும். அது தீர்ந்தால் அடுத்ததை நம் கைக்காசில் வாங்க வேண்டும். அட்டைப்பெட்டியும் அலங்காரமுமாக அதற்கு விலை கூடுதல். அதனால் எங்களில் யாரும் வாங்குவதில்லை. சாதாரண பாட்டில் ஒன்றைப் பிரித்து, டெமோ பாட்டிலில் ஊற்றி நிரப்பிக்கொள்வோம். பிரித்ததன் பம்பை அப்படியே டப்பாவில் போட்டுவிடுவோம். நாங்கள் வீட்டில் பூசிக்கொள்வதும் டெமோ பாட்டிலில் மிஞ்சுவதைத்தான். ஆகையால் ஒன்றரை வருடமாக என் விரல் அழுத்தியது ஒரே பம்பு, சேர்ந்த அன்று கொடுத்த அந்தப் பழைய பம்பு.

அன்று அது அடைத்துக்கொண்டது. எட்டுப் பேர் பார்க்க நான் அழுத்துகிறேன், ஒன்றும் வரவில்லை.

"புதுசு எடுத்துக்கோங்க," என்று நாத்தனார் ஒரு புது பாட்டிலை நீட்டினாள்.

"பாத்துக்கோங்க," என்றேன் எட்டுப் பேரிடமும். "ரெண்டு அழுத்து. சரியா ஒரு சட்டைப் பொத்தான் அளவு புறங்கையில நிக்கும். வழியக் கூடாது." ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். உதறலெடுத்தாலும் தப்பாமல் வரும். அழுத்தினேன். இரண்டு.

லோஷன் புறங்கையில் குவிந்து, சரிந்து, மணிக்கட்டில் இறங்கி, வளையலுக்குள் போனது.

யாரோ, "சட்டைப் பொத்தானா, கோட்டுப் பொத்தானா மேடம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள், கொஞ்சம் சத்தமாகவே. "தாராளமா வருதில்ல? நம்ம கம்பெனிக்கு மனசு பெருசு!" கைதட்டல்.

நான் வளையலைத் துடைத்தேன். நாங்கள் யாரும் மில்லி என்று சொல்வதில்லை. பயிற்சியில் சொல்லித் தருவதே 'அழுத்து'தான். அழுத்து என்றால் ஓர் அளவு என்று நானும் நம்பிவிட்டேன். நான், அளவுக் குடுவையோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவள். பாட்டிலை அறுத்து அளந்தேன், தராசில் வைத்தேன், தண்ணீரில் முக்கினேன். ஓர் அழுத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்கவில்லை.

எட்டுப் பேரும் போகும்வரை பொறுத்தேன். அவள் டம்ளர்களை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

"பம்ப மாத்திட்டாங்க. உனக்குத் தெரியுமா?"

"எந்தப் பம்பு அண்ணி?"

"என்கிட்ட நடிக்காத."

அவள் குழாயைத் திறந்து, ஒரு டம்ளரைக் கழுவி, மறுபடி அதையே கழுவினாள். "மேல சொன்னாங்க. பவளத்துக்கு மட்டும் ஒரு மீட்டிங். தாராள பம்புன்னு பேரு. பூசறவங்களுக்கு நல்ல அனுபவமா இருக்கும்னாங்க."

"முப்பது நாள்ல தீந்துபோறது அனுபவமா?"

"சீக்கிரம் தீந்தா சீக்கிரம் வாங்குவாங்க. உங்களுக்கும்தானே புள்ளி ஏறுது?"

"என்னைத் திருடின்னு சொல்றாங்க. இதே எடத்துல நின்னு அழுதேன். பூனைய விசாரின்னு சொன்னியே! தெரிஞ்சுக்கிட்டே சொன்னியா?"

"எல்லாரும் ஒரு மாசம் பேசுவாங்க அண்ணி, அப்புறம் மறந்துடுவாங்க. முப்பது நாள்தான் வரும்னு பழகிடும்."

"எனக்கு மறக்குமா?"

அவள் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, அது நடிப்பில்லை. "நான் என்ன செய்ய? இந்த மாசம் வைரம் வரலேன்னா பவளமும் போயிடும். திரும்ப முத்து. அண்ணி, போன் எடுக்க பயந்தவ நான். எனக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு. அதுவும் போனா எங்க வீட்டுல என்னை மறுபடி யாரும் நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டாங்க. வெளிய சொல்லிடாதீங்க. ஒரே ஒரு மாசம்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. அவளுக்குப் பேச்சு வந்ததும் என்னைத் திருடி என்று தெரு சொன்னதும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. கம்பெனி எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும் ஒரு அடுப்படியில் மோத விட்டிருந்தது.

"ஒன்பது வீட்டுக்காரி உன்னைத் திருடின்னு சொல்லியிருந்தா நீ ஒரு மாசம் பொறுப்பியா?" என்று கேட்டேன். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவிலிருந்த பம்புகளைத் தரையில் கொட்டினேன். வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து சாய்ந்திருந்தார். "என்ன, ஒர்க்‌ஷாப் தொறந்துட்டியா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து தந்தார். அவர் தங்கையின் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

முதலில் அளந்தேன். அடைப்பெடுத்த பழைய பம்பில் பத்து அழுத்து: குடுவையில் பத்து மில்லி. புதியதில் பத்து அழுத்து: பதினைந்து மில்லி.

பிறகு பிரித்தேன். இந்தக் கைப்பம்பு இருக்கிறதே, அழகான கருவி. எவனோ நன்றாக யோசித்துச் செய்தது. தலையை அழுத்தினால் தண்டு இறங்குகிறது. தண்டின் நுனியில் ஒரு பிஸ்டன், ஒரு குட்டி உருளைக்குள். அது உருளையிலிருக்கும் லோஷனை நெருக்கி, தண்டின் துளை வழியாக மேலே தள்ளுகிறது. கீழே ஒரு சின்ன உலோகக் குண்டு, உருளையின் வாயில் உட்கார்ந்து அடைத்துக்கொள்வதால் லோஷன் பாட்டிலுக்குத் திரும்ப முடியாது. கையை எடுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தூக்குகிறது, குண்டு எழும்பி வழிவிடுகிறது, அடுத்த வாய் லோஷன் குழாய் வழியே உருளைக்குள் ஏறுகிறது. ஆக, ஓர் அழுத்துக்கு எவ்வளவு வரும் என்பது இரண்டே விஷயத்தில் இருக்கிறது. உருளை எவ்வளவு அகலம். பிஸ்டன் எவ்வளவு தூரம் இறங்குகிறது.

வெளியே இரண்டு பம்பும் ஒரே அச்சு. உள்ளே, பழைய உருளையில் பென்சில் நுழையவில்லை. புதியதில் நுழைந்து ஆடியது.

குழாயையும் பார்த்தேன். பழையதில் அது பாட்டிலின் மூலையைத் தொடும் அளவு நீளம், நுனி சாய்வாக வெட்டியிருந்தது. புதியதில் அரை விரல் குட்டை, நுனி நேராக. பம்பு காற்றைத் துப்பும்போது அடியில் ஏறக்குறைய இருபது மில்லி எட்டாமல் கிடக்கும். வெள்ளை பாட்டில், வெளியே தெரியாது. நான் பாட்டிலை அறுத்து வழித்ததால் அதுவும் என் குடுவைக்குள் வந்து என்னையே ஏமாற்றியிருந்தது. நூற்று எண்பது மில்லியை நாளுக்கு ஆறு மில்லியாக எடுத்தால் முப்பது நாள். கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

கடைசியாக, பாட்டிலோடு வரும் உபயோகக் குறிப்புத் துண்டுச்சீட்டு. பழைய பாட்டிலோடு வந்ததில், 'ஓர் அழுத்து ஒரு மில்லி, வேளைக்கு இரண்டு அழுத்து' என்று இருந்தது. புதியதில், 'வேளைக்கு இரண்டு அழுத்து'. மற்ற எல்லா வரியும், ஒரு காற்புள்ளி மாறாமல், அப்படியே இருந்தன. அதைப் பார்த்தபிறகுதான் இது தவறுதலாக நடந்ததில்லை என்பது எனக்கு உறுதியானது. யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நாலு சொல்லை மட்டும் தேடி எடுத்து, அடித்திருக்கிறார். என் பேரை அடித்ததுபோல இருந்தது.

மறுநாள் காலை இரண்டு பம்பு, அளவுக் குடுவை, இரண்டு சீட்டோடு தையல்காரம்மாவின் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போகவில்லை. பெஞ்சு நிறைந்திருந்தது.

"என்ன டீச்சரம்மா, சட்டி பானையெல்லாம் தூக்கிட்டு?"

"நாலு பேர் முன்னாடி கேட்டீங்க. நாலு பேர் முன்னாடி பதில் சொல்ல வந்திருக்கேன்."

அவள் காலை மிதியிலிருந்து எடுத்தாள். இஸ்திரி மேசையில் குடுவையை வைத்தேன். அவளையே அழுத்தச் சொன்னேன். பழையதில் பத்து. மட்டத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். கழுவித் துடைத்துப் புதியதில் பத்து. படித்தாள். மறுபடி குனிந்து பார்த்துப் படித்தாள். பிறகு நான் வைத்திருந்த அவளுடைய காலி பாட்டிலை அவள் கத்தரிக்கோலாலேயே வெட்டினேன். அடியில் லோஷன் வெள்ளையாகத் தேங்கிக் கிடந்தது. பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

தையல்காரம்மா சீட்டு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். துணி வெட்டுமுன் அளவைப் பார்ப்பாளே, அந்தக் கண்ணோடு.

"களவாணிப் பசங்க," என்றாள் கடைசியில். "நானும் ஒரு இன்ச் ரெண்டு இன்ச் எடுத்திருக்கேன், இல்லேங்கல. ஆனா பழிய பொத்தான் தைக்கிறவ மேல போட்டதில்ல." பிறகு பெஞ்சைப் பார்த்து, "கேட்டுக்கோங்கடி. நான் அன்னைக்கு சொன்னது தப்பு. இவ எடுக்கல. இத வெளிய போய் சொல்லுங்க, அத சொன்ன அதே வாயால."

என் போன் அடித்தது. நாத்தனார். எடுத்தேன்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"தையல்காரம்மா கடையில."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். இன்னும் இருபத்தஞ்சு வீடு இருக்கு. எல்லா வீட்டுக்கும் போகப்போறேன்."

"அப்போ என் வைரம்?"

"உன்கிட்ட சேந்த எட்டுப் பேருக்கும் நீயே சொல்லிடு. நான் சொல்லி அவங்க தெரிஞ்சுக்கறதவிட அது நல்லது. உனக்குப் பேச வருது, மைக்கே பிடிக்கிற. இதையும் பேசு."

"நீங்க என்னை மேடம்னு கூப்பிட்டப்போ உள்ளுக்குள்ள சிரிச்சீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணி."

"சிரிச்சேன். பெருமையாவும் இருந்துச்சு. அன்னைக்கு நீ பூனைன்னு சொன்னியே, அதுலதான் போச்சு." அவள் வைத்துவிட்டாள்.

தையல்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்காததுபோலவும் இருந்தாள். "சரி, வித்த பாட்டில என்ன பண்றது?" என்றாள். "நான் பாதி அழுத்து அழுத்தலாம். காலையில அவசரத்துல யாரு பாதி பாத்து அழுத்துவா? கை முழுசாத்தான் போகும்."

அது சரியான கேள்வி. இன்னும் பத்து வீட்டிலாவது இந்தப் பம்பு இருக்கும். உருளையின் அகலத்தை நாங்கள் மாற்ற முடியாது. பிஸ்டன் இறங்கும் தூரத்தை மாற்றலாம். தலைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஏதாவது தடுத்தால் தண்டு முழுக்க இறங்காது. அவளுடைய நூலைத் தண்டில் சுற்றிப் பார்த்தோம். நாலாவது அழுத்திலேயே தளர்ந்து சரிந்தது. அட்டையைச் சுருட்டி மாட்டினோம். லோஷன் பட்டு ஊறிப்போனது. பட்டையான எலாஸ்டிக்கை ஒட்டுத் தையல் போட்டுப் பார்த்தாள். தடிமன் கூடிவிட்டது, அரை மில்லிதான் வந்தது. பெஞ்சிலிருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி தன் மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்தாள். தையல்காரம்மா அலுத்துப்போய்த் தன் கொண்டையிலிருந்த ரப்பரை உருவி எறிந்தாள். முடி தோளில் சரிந்தது.

"இத சுத்திப் பாரு."

ஒரு சுற்று: பத்து அழுத்துக்குப் பன்னிரண்டரை. இரண்டு சுற்று: சரியாகப் பத்து. இருபது முறை அழுத்தியும் ரப்பர் நகரவில்லை.

அன்று மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் இதைத்தான் சொன்னேன். பம்பின் தலைக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள தண்டில், துணி சுற்றிய சாதாரணத் தலைமுடி ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஓர் அழுத்துக்கு ஒன்றரைக்குப் பதில் ஒரு மில்லி வரும். பம்பு காற்றைத் துப்ப ஆரம்பித்ததும் அதைக் கழற்றிவிட்டு, அந்தக் கழுத்துக்குப் பொருந்தும் சாதாரண மூடி ஒன்றை இறுக்கி, பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள். அடியில் நிற்கும் இருபது மில்லி மூடிக்கு இறங்கிவரும். இப்படிச் செய்தால் பாட்டில் ஐம்பது நாள் வரும்.